ஒன்பதாம் மாதத்தில் ஆட்டை யார் மேய்ப்பது?

கல்வராயன் மலையில் சாமை அறுப்பு முடிந்தால் பல ஊர்கள் ஆளற்றுப் போகும். மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, கார்த்திகை, மார்கழியில் ஆண்கள் கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் புறப்பட்டுவிடுவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போகிற வீடுகளும் உண்டு. மிஞ்சுவது வயதானவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆடு மாடுகள். சில வீடுகளில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி.

அப்படிப்பட்ட ஒருத்தியைப் பற்றி நாட்டுக்குத் தெரியவருவது பெரும்பாலும் ஒரு படத்தின் வழியாகத்தான். மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி, ஆட்கள் மாறி மாறித் தோள் கொடுத்து, பாறையும் ஓடையும் கடந்து டோலியில் தூக்கி வருகிற படம். பார்த்தவுடன் எல்லோரும் சாலையைப் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை இது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுக்க வேண்டியிருந்தது. சாலை இவர்களுக்கு நாடு பட்டிருக்கும் பழைய கடன். ஆனால் டோலி கட்டும் நேரத்தில் காரியம் பாதி கைமீறிவிட்டது. அதற்கு முந்தைய பத்து நாள்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99க்கும் மேல் மருத்துவமனைகளில் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஊர் ஊராக நடந்த செவிலியர்களின் காலுக்குக் கிடைத்த பெருமை அது. மலைப்பகுதிகளுக்காகப் பேறுகாலக் காத்திருப்பு அறைகளும் வந்திருக்கின்றன. நாள் நெருங்குமுன்பே கர்ப்பிணி இறங்கி வந்து அங்கே தங்கலாம்; துணைக்கு ஒருவர் இருக்கலாம்; சாப்பாடும் உண்டு. நல்ல ஏற்பாடு. இருந்தும் சிலர் கடைசி நேரம்வரை வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஏன்?

அறியாமை என்று சொல்வது எளிது. அவளுடைய ஒரு நாளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். விடியுமுன் ஊற்றுக்குப் போய் இரண்டு குடம் தண்ணீர். கேழ்வரகு மாவு இருந்தால் களி கிளறலாம்; இல்லாவிட்டால் அதற்கும் வழி பார்க்க வேண்டும். மூத்ததைப் பள்ளிக்கு அனுப்பி, இளையதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடுகளைப் பட்டியிலிருந்து திறந்து விட வேண்டும். மரவள்ளிக் காட்டைப் பன்றி பறித்துவிடாமல் பார்க்க வேண்டும். சுள்ளி பொறுக்க வேண்டும். கண் மங்கிய மாமியாருக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவையும் அப்படியே விட்டுவிட்டு, “பத்து நாள் முன்னாடியே வந்து தங்கும்மா” என்று நர்ஸம்மா சொன்னதற்காக இறங்கிப் போக எந்தத் தாய்க்கு மனம் வரும்? துணைக்கு மாமியார் வந்தால் வீட்டில் யாரும் இல்லை. மாமியார் வீட்டில் இருந்தால் துணைக்கு யாரும் இல்லை. காத்திருப்பு அறை அவளுக்குக் கட்டில் தருகிறது. அவள் வீட்டுக்கு ஓர் ஆள் தருவதில்லை.

அந்த ஆளைத் தேடித்தருவது யார் பொறுப்பு என்பதே நம் கேள்வி. ஒருவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது என்பதால்தான் இதுவரை யார் தலையிலும் ஏறவில்லை.

முதலில் கணவன். பிள்ளைப்பேறு பெண்கள் காரியம் என்று ஆண் ஒதுங்குவது மலையில் மட்டும் உள்ள பழக்கம் இல்லை. சமவெளியிலும் அதே கதைதான். ஆனால் மலையில் அதன் விலை அதிகம். வேலைக்குப் போகுமுன்பே பேறுகாலத் தேதி அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த வாரத்தில் அவன் வீட்டில் இருக்க வேண்டும். அவன் விரும்பினாலும் முன்பணம் விடாதே என்று கேட்கலாம். உண்மை. அதனால் மேஸ்திரிக்கும் தோட்ட முதலாளிக்கும் இதில் பங்கு இருக்கிறது. மேஸ்திரிகளில் பலர் தெரிந்த முகங்கள்தான். முன்பணம் கொடுக்கும்போதே, மனைவிக்கு நாள் நெருங்கினால் இரண்டு வாரம் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிக்க முடியும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆளை விடுகிறவர்கள் பிறப்புக்கும் விடட்டும்.

அடுத்து ஊர். இன்று உன் காட்டில், நாளை என் காட்டில் என்று கூலியில்லாமல் ஆள் மாற்றிக்கொள்ளும் வழக்கம் உழவர்களிடையே பழையது. களை எடுக்கவும் கூரை வேயவும் உதவிய அந்த முறையை ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்கும் நீட்டினால் என்ன? ஒரு வீடு அவள் ஆடுகளைத் தன் ஆடுகளோடு ஓட்டிப் போகட்டும். இன்னொரு வீடு மாமியாருக்குச் சோறு கொடுக்கட்டும். மூத்த பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுதான் இப்போது நடக்கிற எளிய தீர்வு. ஒரு தாயைக் காப்பாற்ற ஒரு சிறுமியின் படிப்பைக் கொடுக்கும் அந்தப் பேரத்தை நாம் இனி ஏற்கக் கூடாது.

ஊர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்டிலிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1993இல் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய 150 ஓராண்டைத் தாண்டாத இடமாக அது அப்போது இருந்தது. அவர்கள் செய்தவற்றில் மிகப் பெரியதாக நான் கருதுவது, அந்த ஊர்ப் பெண்களையே செவிலியராகவும் ஊர்தோறும் உடல்நலப் பணியாளராகவும் பயிற்றுவித்ததைத்தான். கர்ப்பிணியின் கதவைத் தட்டுகிறவள் அவளுக்கு அக்கா முறையோ சித்தி முறையோ ஆகிறபோது பயம் போய்விடுகிறது. குழந்தை இறப்பு அங்கே பல மடங்கு குறைந்தது. மருத்துவர்களுடைய வேலை மட்டும் அதைச் சாதித்திருக்காது. ஊர் தன் பெண்களை அனுப்பியது.

அரசு செய்ய வேண்டியதும் மிச்சம் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் தவணைகளில் வருகிறது. மலைக் குடும்பங்களுக்குக் காத்திருக்கும் நாள்களின் கூலி இழப்பும், துணைக்கு வருபவரின் கூலி இழப்பும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும். அதுவும் ஒன்பதாம் மாதத்திலேயே கையில் கிடைக்க வேண்டும். காத்திருப்பு அறையில் இளைய பிள்ளையும் தாயோடு தங்க இடம் வேண்டும். சாலைக்குக் காட்டுச் சட்டம் தடை என்று சொல்லிக் கைவிரிப்பதும் முழு நியாயம் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே சாலை, அங்கன்வாடி, மருந்தகம், பள்ளி போன்ற தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைத் தர வழி செய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். அப்படியானால் முதல் அடி ஊரின் கையில் இருக்கிறது. தீர்மானம் வந்த பிறகு கோப்பைத் தூங்கவிடாமல் நகர்த்துவது வனத்துறை, வருவாய்த்துறை அலுவலர்களின் கடமை.

சமவெளியில் இருக்கும் நமக்கும் இதில் இடம் உண்டு. நம் பாயசத்து ஜவ்வரிசியிலும் ரசத்து மிளகிலும் காலைக் காப்பியிலும் இந்த மலைக் குடும்பங்களின் உழைப்பு கலந்திருக்கிறது. டோலிப் படத்தைப் பார்த்து ஒரு நாள் பதறுவதோடு நம் பங்கு முடியக் கூடாது. அந்த ஊர்த் தீர்மானம் எந்த மேசையில் நிற்கிறது என்று பத்திரிகையும், அரசியல் கட்சிகளும், மருத்துவம் படித்தவர்களும் தொடர்ந்து கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் தனியாக ஒரு கூட்டம் கூட்ட வேண்டியதில்லை. நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் கிராம சபை கூடுகிறது. ஆண்கள் தோட்ட வேலைக்குக் கிளம்புமுன் கிடைக்கும் நாள் அது. வரப்போகும் நான்கு மாதத்தில் எத்தனை வீடுகளில் பேறுகாலம், எந்த வீட்டுக்கு யார் துணை, எந்த ஆண் எப்போது திரும்புவான் என்பதை அன்றைக்கே பேசி வைக்கலாம். பெண்களின் பெயரைச் சபையில் வாசிக்கத் தேவையில்லை. செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் கையிலுள்ள பட்டியல் போதும். ஜனவரி 26 கிராம சபை நடக்கும்போது பல வீடுகளில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். அன்றைய கூட்டத்தைப் பெண்களே நடத்தட்டும், சாலைத் தீர்மானத்தையும் அவர்களே எழுதட்டும்.