எழுந்திருக்காத பெருமை

"முகூர்த்தத்துக்கு முன்னால் உட்கார்ந்தேனானால், பந்தி முடிகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேனாக்கும்!" என்று பெருமை பேசும் மாமியாரோ அத்தையோ உங்கள் வீட்டில் உண்டா? அவருக்குப் பத்துப் பதினைந்து வருஷமாக நீரிழிவும் உண்டானால், சகோதரி, அந்தப் பெருமையைச் சற்றுச் சந்தேகியுங்கள்.

'நீரிழிவுக்காரர்கள் அடிக்கடி அல்லவா போவார்கள்?' என்பீர்கள். வாஸ்தவம். ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக் கொண்டு போகிறது. ஆனால் வியாதி பல வருஷம் அடங்காமல் இருந்தால், பாதம் மரத்துப் போகிறதல்லவா? அதே மாதிரி சிறுநீர்ப் பையின் நரம்புகளும் மந்தமாகிவிடலாம். சாதாரணமாக 150, 200 மில்லி சேர்ந்ததுமே பை மெல்லக் குரல் கொடுக்கும். 400, 500 ஆனால் அதட்டும். நரம்பு மந்தமானவருக்கு அதற்கு மேல் நிறைந்தாலும் சேதி எட்டுவதில்லை.

விரிந்து விரிந்து பை தளர்ந்து போகிறது. போய் வந்த பிறகும் உள்ளே மீதி தங்குகிறது. தேங்கிய நீரில் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். எரிச்சல், நாற்றம், குளிர் ஜுரம்! முற்றினால் சிறுநீரகமே கெடலாம். சிலருக்கு, நிரம்பிய குடம் தளும்புவது போல், தம்மை அறியாமல் புடவை நனைந்துவிடும். இதைப் போய் மருமகளிடம் சொல்வாரா? மாட்டார். குடிக்கிற தண்ணீரைக் குறைத்துக் கொள்வார். பேருந்துப் பயணமென்றால் நாமும் அதைத்தானே செய்கிறோம்? அவருக்கு அது இன்னும் கெடுதல்.

நரம்பு சொல்லாததைக் கடிகாரம் சொல்லட்டும். தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் பகலில் மூன்று மணிக்கு ஒரு தடவை போய்வரச் சொல்லுங்கள். முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல், சில நிமிஷம் பொறுத்து மறுபடி முயன்றால் மீதியும் ஓரளவு இறங்கும். தண்ணீரை டாக்டர் குறைக்கச் சொல்லியிருந்தாலன்றிக் குறைக்க வேண்டாம். பையில் எவ்வளவு தங்குகிறது என்பதை வயிற்றின் மேல் கருவியை வைத்தே ஸ்கேனில் பார்த்துவிடலாம். ஊசி கிடையாது, வலி கிடையாது. ஜுரமோ முதுகுவலியோ கண்டால், அல்லது நீரே இறங்காமல் அடிவயிறு உப்பினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் தாமாகவே வாங்கிப் போட்டுக் கொள்கிறாரே, அவற்றில் சில மாத்திரைகள் நீரைக் கட்டிவிடும். டாக்டரிடம் அழைத்துப் போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் மறக்காமல் கைப்பையில் போட்டுக் கொள்ளுங்கள்.