செவுள் சிவப்பும் குடைச் சிவப்பும்

மீன் கடையில் எரிகிற விளக்குக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று சொன்னால் வீட்டில் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஊரில் வேறு பிரச்சினையே இல்லையா தாத்தா என்கிறார்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இருந்தாலும் இதைப் பொறுமையாகப் படித்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

நம்ம காசிமேட்டில் ஏலம் சூடு பிடிப்பது விடிவதற்கு முன்னால். படகிலிருந்து கூடை இறங்குகிற நேரத்தில் சூரியன் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஆகவே மீனை முதலில் பார்ப்பது எப்போதும் ஏதோ ஒரு விளக்கில்தான். பெட்ரோமாக்ஸ் காலம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்புறம் தெருவெல்லாம் சோடியம் விளக்கு வந்தது. அந்த மஞ்சளில் சிவப்பு என்கிற நிறம் ஏறக்குறையக் கிடையாது. ஒரு பொருள் சிவப்பாகத் தெரிய வேண்டுமானால், அதன்மேல் விழுகிற வெளிச்சத்தில் சிவப்பு கலந்திருக்க வேண்டும். சோடியம் விளக்கில் பெரும்பங்கு மஞ்சள்தான். செவுளைத் தூக்கிப் பார்த்தால் இன்றைய மீனும் முந்தாநாள் மீனும் ஒரே பழுப்பு. அதனால்தான் ஏலம் எடுக்க வரும் பெண்கள் கண்ணை நம்பாமல் கட்டை விரலால் வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள்.

இப்போது எல்.இ.டி. வந்து கதை தலைகீழாகிவிட்டது. எந்த நிறத்தில் வேண்டுமானாலும் விளக்கு கிடைக்கிறது. சில கறிக்கடைகளிலும் மீன் கடைகளிலும் லேசான ரோஸ் நிற வெளிச்சம் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்து விளக்கு நல்ல மீனையும் பழசாகக் காட்டியது. இது பழைய மீனை நல்லதாகக் காட்டுகிறது. முன்னதில் வியாபாரிக்கு நஷ்டம், பின்னதில் நமக்கு.

தெருவோரத்தில் விற்கிற பெண்களின் பெரிய குடையும் ஒரு விளக்குதான். சிவப்புக் குடைக்குள் வெயில் இறங்கினால் செவுள் ரத்தமாகத் தெரியும். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே அதே மீன் செத்து மூன்று நாள் ஆனது போல இருக்கும். ஒருமுறை நான் சங்கராவைக் குடைக்கு வெளியே நீட்டிப் பார்த்தேன். அந்தம்மாவுக்குக் கோபம். "இன்னா நைனா, கண்ணப் பாரு, இப்பதான் கடல்லேந்து வந்துகீது, வெயில்ல காட்டி வாட்டுறியே!" என்றது. மீன் நல்ல மீன்தான், வாங்கிக்கொண்டேன். அந்தம்மாவைக் குறை சொல்லவில்லை. குடை வெயிலுக்காக வாங்கியது, நிறம் பார்த்து வாங்கியதல்ல.

"கண்ணப் பாரு" என்று அந்தம்மா சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. நான் முப்பத்து நாலு வருஷம் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெயின்ட் சோதனை பார்த்தவன். எங்கள் சோதனை அறையில் குழல் விளக்குகளை வரிசையாக மாட்டியிருப்போம். விளக்கின் பிம்பம் பெயின்ட்டின் மேல் நேர்கோடாக விழுந்தால் வேலை சுத்தம். கோடு நெளிந்தால் அந்த இடத்தில் ஒடுக்கோ, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்போ இருக்கிறது. சமமான கதவுத் தகட்டை நேராக நின்று பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. அதே பெயின்ட், அதே துப்பாக்கி, வளைந்த மட்கார்டில் அடித்தால் பல்லைக் காட்டிவிடும். புதிதாக வரும் பையன்கள் மட்கார்டுக்குத்தான் மட்டமான பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று சண்டைக்கு வருவார்கள்.

இதைப் படித்தவர்களும் சோதித்திருக்கிறார்கள். 2003-ல் ஃப்ளெமிங், டிரார், அடெல்சன் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வின்படி, ஒற்றைப் புள்ளி விளக்கில் ஒரு பொருளின் பளபளப்பை மனிதர்களால் சரியாக மதிப்பிட முடிவதில்லை. வானமும் ஜன்னலும் சுவரும் கலந்த இயல்பான வெளிச்சத்தில் நன்றாகவே மதிப்பிடுகிறார்கள். 2007-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் உருவத்தை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். வழவழப்பான உருண்டை ஏமாற்றுகிறது, மேடுபள்ளம் உள்ள உருவத்தில் பொருளின் குணம் நன்றாகத் தெரிகிறது என்று வந்தது. மட்கார்டு சொன்னதும் அதைத்தான்.

மீனின் கண்ணுக்கு வருவோம். புது மீனில் கண் முட்டிக்கொண்டு, ஈரமாக, கண்ணாடி போல இருக்கும். அந்த மேட்டில் விளக்கின் பிம்பம் சின்னதாக, கூர்மையாக ஒரு புள்ளியாக விழும். நேரம் ஆக ஆகக் கண் உள்வாங்கி, மேலே பால் படிந்தாற்போல் ஆகிவிடும். அந்தப் புள்ளி மங்கிப் பரவிப் போகும். 2013-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மீன் கண்ணைப் படமெடுத்து மக்களிடம் காட்டினார்கள். கண்ணில் வெளிச்சமும் இருட்டும் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை வைத்தே மக்கள் மீன் புதிதா பழசா என்று சொல்கிறார்கள் என்று கண்டார்கள். நம்ம ஆயாக்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

ஆனால் இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. மேலே தண்ணீர் தெளித்தாலே வறண்ட தோலும் பளபளக்கும். தலைக்கு நேர் மேலே பலமான ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் மங்கிய கண்ணிலும் ஒரு புள்ளி மின்னும். வவ்வால் மாதிரி தட்டையான மீன் அந்த வெளிச்சத்தை வெள்ளித் தட்டு போல அப்படியே நம் முகத்தில் அடிக்கும். அழகில் மயங்கி விலை கேட்டுவிடுவோம். கைப்பேசி டார்ச் அடித்துப் பார்க்கிறவர்களுக்கும் ஒன்று: செவுள் நிறத்துக்கு அது சுமாராக உதவும், பளபளப்பைக் கணிக்க உதவாது. அதுவும் ஒற்றைப் புள்ளி விளக்குதான்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜாக்கெட் துணி எடுக்கிற பெண்கள் புடவையையும் துணியையும் கடை வாசலுக்குத் தூக்கி வந்து பொருத்திப் பார்ப்பார்கள். எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை, அவரே "வெளியே எடுத்துப் போய்ப் பாருங்கம்மா" என்பார். மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மடிப்பு விழுந்தால்தான் இரண்டும் தெரியும் என்பதால் விரித்தும் மடித்தும் காட்டுவார். ஐநூறு ரூபாய்த் துணிக்கு இருக்கிற இந்த மரியாதை ஆயிரம் ரூபாய் வஞ்சிரத்துக்கு ஏன் இல்லை?

துணி ஏமாற்றினால் பீரோவில் கிடக்கும். மீன் அப்படியில்லை. தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நம்ம விசைப்படகுகள் கரையில் நிற்கும். வெளியூர் மீன் ஐஸில் வரும். அப்படி ஒரு சமயம் எங்கள் தெருக் குடும்பம் ஒன்று இரவில் ஒரு கடையில் சூரை வாங்கியது. பெயர் வேண்டாம். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் முகமெல்லாம் சிவந்து, தலைவலி, வாந்தி, ஆஸ்பத்திரி. சூரை, காணாங்கெளுத்தி போன்ற மீன்கள் சரியான குளிர்ச்சி இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. விளக்கை மாற்றினால் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஐஸில் கிடக்கும் மீனில் வாசனை மட்டுப்படும். ஃபார்மலின் போட்டால் சதை விறைத்துக்கொள்ளும், விரலும் ஏமாறும். மிச்சம் இருப்பது கண். அதையும் காசு கொடுத்து வாங்கிய விளக்கால் கட்டிவிடலாமா?

சீனாவில் 2023 டிசம்பர் 1 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. காய்கறி, இறைச்சி, மீன் விற்கும் இடத்தில் பொருளின் இயல்பான நிறத்தை மாற்றிக் காட்டும் விளக்கு கூடாது. இங்கேயும் அதைக் கேட்பதில் என்ன தவறு? நிறத்தை உள்ளபடி காட்டும் வெள்ளை விளக்கு கடையில் கிடைக்கிறது. நூறுக்கு எத்தனை என்று ஒரு குறியீடு உண்டு, தொண்ணூறுக்கு மேல் இருந்தால் மீனுக்குத் தாராளம். ஏலக் கூடத்தில் அரசே அதை மாட்டட்டும். கடைகளில் ரோஸ் விளக்கைக் கழற்றச் சொல்லட்டும். கூடை வைத்து விற்கும் பெண்களிடம் மட்டும் அபராதச் சீட்டைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அவர்களுக்கு வெள்ளைத் துணிக் குடை கொடுத்தால் போதும், வெயிலும் குறையும்.

இதை ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வார்டு கூட்டத்தில் கொடுப்பதாக உத்தேசம். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் பின்னூட்டத்தில் பெயரைச் சொல்லுங்கள். மீன் சாப்பிடாதவர்களும் போடலாம்.