அணையாமல் ஓடும் கணினி

இரவும் பகலும் அணையாமல் ஓடும் கணினி ஒன்று, சேலம், நாமக்கல் பக்கத்து நம் இல்லங்கள் சிலவற்றில் இடம்பிடித்துவிட்டது. வளைகுடாவில் பணிபுரியும் பிள்ளைகள் நினைத்த நேரத்தில் பார்ப்பதற்கான குடும்பப் படங்கள், மக்தப் பாடங்களின் ஒலிப்பதிவுகள், வாசல் கேமராவின் பதிவுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தேவை நியாயமானதே. ஆனால் அதற்கென்று நாம் அமர்த்தும் கணினி பெரும்பாலும் பொருத்தமற்றது. விளையாட்டுக்கென வாங்கிய மேசைக்கணினியை, கிராஃபிக்ஸ் கார்டு சகிதம், அப்படியே காவலுக்கு வைத்துவிடுகிறோம். யானையைக் கட்டி வீட்டு வாசலைக் காப்பது போன்றது இது.

கணக்கைப் பாருங்கள். ஒரு வாட் மின்சாரத்தை இடைவிடாமல் இழுக்கும் கருவி, 60 நாட்களில் 1.44 யூனிட் செலவழிக்கும். 80 வாட் இழுக்கும் கணினி அதே காலத்தில் 115 யூனிட்டைத் தின்றுவிடும். தமிழக அரசு வீடுகளுக்கு இரு மாதங்களுக்குத் தரும் இலவச மின்சாரமோ 100 யூனிட்தான். அது முழுவதையும் மூலையில் சும்மா இருக்கும் பெட்டிக்கே கொடுத்துவிட்டு, மின்விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் காசு கட்டுகிறோம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினாலோ, தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடுகிறது. இலவசம் என்பதும் வானத்திலிருந்து இறங்கியதன்று, பொதுப்பணத்திலிருந்து வருவது.

கணினி இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடும். ஆக, சேலத்துக் கோடையில், தகரக் கூரையின் கீழ் வயதான தாயார் உறங்கும் அறையில், இன்னொருவரையும் இரவு முழுவதும் உட்கார வைத்திருக்கிறோம்.

நம் வீட்டுக் கணினி எவ்வளவு இழுக்கிறது என்பதை அறியத் தனிக்கருவி தேவையில்லை. மின்மீட்டரில் சிறு சிவப்பு விளக்கு மினுக்கும். எத்தனை மினுக்கல் ஒரு யூனிட் என்பதும் அதன்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்றிருந்தால், மற்ற அனைத்தையும் நிறுத்திவிட்டுக் கணினியை மட்டும் ஓடவிடுங்கள். 14 வினாடிக்கு ஒருமுறை மினுக்கினால் அது 80 வாட். 45 வினாடிக்கு ஒருமுறை என்றால் 25 வாட்.

குறைக்கும் வழிகள் எளியவை. மானிட்டரை அணைத்துவிட வேண்டும். திரையில் படம் ஓடவிடுவது சிக்கனமாகாது. பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் வசதி இருந்தால், தனிக் கார்டைக் கழற்றி வைத்துவிடலாம். விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச அளவை 100-லிருந்து 99 ஆக்கினால் போதும், பெரும்பாலான கணினிகளில் டர்போ வேகம் நின்றுவிடும். ஒரு விழுக்காட்டில் என்ன கிடைக்கப்போகிறது என்று எண்ண வேண்டாம். டர்போ வேகத்திற்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். மின்செலவோ அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். வெப்பம் குறைந்தால் உள்விசிறி மெதுவாகச் சுற்றும். தூசியையும் குறைவாகவே இழுக்கும். லாரிப் புழுதியும் கோழித்தீவன மாவும் பறக்கும் நாமக்கல்லில் இது சிறிய விஷயமன்று. அடைபட்ட விசிறியைத் துடைக்காமல் புதிய கணினி விலை கேட்போரை அடிக்கடி காண்கிறோம்.

ஆனால் நம் முதல் பரிந்துரை வேறு. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த மடிக்கணினிகள் பல வீடுகளில் பீரோவுக்குள் உறங்குகின்றன. படங்களையும் ஒலிப்பதிவுகளையும் காத்துத்தர அவை போதும். திரை அணைந்த நிலையில் 15 வாட் இழுத்தால், இரு மாதங்களுக்கு 22 யூனிட்டுக்குள் அடங்கும். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி பொருத்தினால் இன்னும் நலம். பேட்டரியை மட்டும் கவனிக்க வேண்டும். உப்பியிருந்தால் அதைக் கொண்டு ஒருநாளும் ஓட்டக்கூடாது. மெத்தை மீதோ மூடிய அலமாரிக்குள்ளோ வைப்பதும் கூடாது.

உறங்கும்முன் விளக்கை அணைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடும் என்ற காரணமும் கூறப்பட்டது. அந்த அச்சம் இல்லாதபடி தொங்கவிடப்பட்ட விளக்கானால் குற்றமில்லை என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் விளக்கம். எனவே எரிவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. யாருக்காக எரிகிறது என்றுதான் கேட்கிறோம். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். நம் இரவு ஒரு மணி முதல் ஐந்து மணிவரை அங்கும் பெரும்பாலோர் உறக்கத்தில் இருப்பார்கள். கணினியின் பயாஸ் அமைப்பில் எழும் நேரத்தைக் குறித்துவிட்டால், இரவில் அணைந்து ஃபஜ்ருக்குத் தானே எழும். பல கணினிகளில் இவ்வசதி உண்டு. நாளுக்கு ஒருமுறை அணைத்து எழுப்புவதால் கணினி கெட்டுவிடாது. வாசல் கேமராவுக்கு மட்டும் இது பொருந்தாது. கேமராவிலேயே மெமரி கார்டு போட்டுவிட்டால், அதற்காகக் கணினி விழித்திருக்க வேண்டியதில்லை.