தூக்கிய ரொட்டவேட்டர் தானாக இறங்குகிறதா? பம்பை மாற்றும் முன் பாருங்கள்

கேள்வி: ‘‘மூன்று வருடங்களுக்கு முன்பு பழைய ஃபோர் வீல் டிரைவ் டிராக்டர் ஒன்றை வாங்கினோம். சேற்றுழவுக்கும், ரொட்டவேட்டர் ஓட்டவும் பயன்படுத்துகிறோம். சில மாதங்களாக, தூக்கி நிறுத்திய ரொட்டவேட்டர் ரோட்டில் போகும்போது மேலும் கீழும் தலையாட்டுகிறது. இன்ஜினை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் தானாகத் தரைக்கு வந்துவிடுகிறது. ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்று ஒர்க் ஷாப்பில் சொல்கிறார்கள். சம்பா உழவு தொடங்கும் நேரத்தில் இவ்வளவு பெரிய செலவு செய்யத்தான் வேண்டுமா?’’

- வாசகர், திருவாரூர் மாவட்டம்.

பதில்: பம்புக்குப் பணம் புரட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பம்பைக் காட்டவில்லை.

பம்பின் வேலை தூக்குவதோடு முடிந்துவிடுகிறது. இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். அதன் பிறகும் கருவி மேலேயே நிற்கிறது என்றால், லிஃப்ட் சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் ஆயில்தான் அதைத் தாங்குகிறது. அந்த ஆயில் எங்கோ கசிந்து வழிவிட்டால் கருவி இறங்கும். தலையாட்டுவதற்கும் இதே கசிவுதான் காரணம். நீங்கள் லீவரை வைத்த உயரத்திலிருந்து தூக்கும் கைகள் சற்று இறங்கியதும், கன்ட்ரோல் வால்வு திறந்து ஆயிலை மறுபடி அனுப்புகிறது. கைகள் ஏறுகின்றன. ஆயில் திரும்பவும் கசிகிறது, திரும்பவும் ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் கருவியைப் பழைய உயரத்துக்கு ஏற்றுவதே அந்தப் பம்ப்தான். அது போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

கசிவு பெரும்பாலும் சிலிண்டருக்குள் ஓடும் பிஸ்டனின் ரப்பர் வளையத்தில் (ஓ ரிங்) இருக்கும். வயதான வண்டிகளில் இது காய்ந்து, வெடித்து, தேய்ந்திருக்கும். அடுத்த சந்தேகம் கன்ட்ரோல் வால்வும் அதை ஒட்டிய சின்ன வால்வுகளும். டிப்பர் டிரெய்லருக்கு ஹோஸ் மாட்டும் வெளி இணைப்பு இருந்தால் அதையும் பாருங்கள். அங்கே சொட்டினால் கண்ணுக்கே தெரியும்.

சீட்டுக்கு அடியில், கருவி இறங்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் பல டிராக்டர்களில் உண்டு. அதை முழுவதும் மூடினால் சிலிண்டருக்கும் கன்ட்ரோல் வால்வுக்கும் இடையிலான பாதை அடைபடும் மாடல் உங்களுடையது என்றால் வேலை சுலபம். கருவியைத் தூக்குங்கள், குமிழை இறுக மூடுங்கள், இன்ஜினை நிறுத்தித் தள்ளி நின்று பாருங்கள். அப்படியே நின்றால் சிலிண்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு வால்வு பக்கம். மூடிய பிறகும் இறங்கினால் சிலிண்டர் பக்கம். பாசனக் குழாயில் ஒவ்வொரு கேட் வால்வாக மூடி எந்தப் பகுதியில் கசிவு என்று கண்டுபிடிப்பீர்களே, அதே கணக்குதான். பழைய வண்டியில் ராத்திரி தூக்கி வைத்த கருவி விடியும்போது கொஞ்சம் இறங்கியிருப்பது பெரிய குறையில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்குவதுதான் குறை.

சிலிண்டரைப் பிரிக்கும்போது கூடவே நில்லுங்கள். உள்சுவரில் விரலால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் இருந்தால், புது ஓ ரிங் போட்டாலும் சீக்கிரமே தேய்ந்துவிடும். அப்போது சிலிண்டரையும் மாற்ற வேண்டியிருக்கும். கீறல் இல்லையென்றால் வளையத்தோடு செலவு முடிந்தது. பம்பின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பம்பைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறி வேறு. காலையில் நன்றாகத் தூக்கிய டிராக்டர், ஒரு மணி நேரம் ஓடி ஆயில் சூடான பிறகு திணறினால், உள்ளே தேய்மானம் இருக்கிறது. சூட்டில் நீர்த்துப்போன ஆயில் தேய்ந்த இடைவெளிகள் வழியாகத் திரும்பி ஓடிவிடுகிறது. மாறாக, காலையில் மெதுவாகவும் போகப் போக நன்றாகவும் தூக்கினால் ஆயில் தடித்திருக்கலாம் அல்லது வடிகட்டி வலை அடைத்திருக்கலாம். தூக்கவே இல்லை என்றால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். சமதரையில், கைகளை இறக்கிவிட்டு, இன்ஜினை நிறுத்திய பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். சில பழைய மாடல்களில் பம்ப் பி.டி.ஓ. ஷாஃப்ட் மூலம் சுற்றுகிறது. பி.டி.ஓ. லீவர் நியூட்ரலில் இருந்தால் லிஃப்ட் அசையாது. இது தெரியாமல் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்புகிறவர்கள் உண்டு.

சேற்றுழவு செய்கிறவர் என்பதால் இன்னொரு விஷயம். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்த வண்டியில் காலையில் டிரெயின் பிளக்கைக் கொஞ்சமாகத் தளர்த்தினால், அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். அப்படி வந்தால் ஆயிலை மாற்றி, வலையையும் கழுவுங்கள். தண்ணீர் நுழைந்த சீலையும் கண்டுபிடித்து மாற்றுங்கள். அதை விட்டுவிட்டு எதை மாற்றினாலும் அடுத்த போகத்தில் இதே கதைதான்.

எல்லா ஆட்டமும் கோளாறு கிடையாது. கலப்பை ஓட்டும்போது டிராஃப்ட் லீவரில் வைத்திருந்தால், மண் இறுகிய இடத்தில் கருவி சற்று ஏறும், இளகிய இடத்தில் இறங்கும். அதற்காகத்தான் அந்த லீவரே இருக்கிறது. ரொட்டவேட்டருக்குப் பொசிஷன் லீவரைப் பயன்படுத்துங்கள்.

இவற்றையெல்லாம்விட அவசரமானது ஒன்று. உங்கள் ரொட்டவேட்டர் இப்போது நம்ப முடியாத நிலையில் இருக்கிறது. ஆறடி ரொட்டவேட்டர் ஏறத்தாழ 400 கிலோ எடை இருக்கும். பிளேடு மாற்றவோ, சுற்றிய வைக்கோலை இழுக்கவோ, தூக்கி நிறுத்திய கருவிக்கு அடியில் யாரும் கையைக்கூட நீட்டக் கூடாது. பி.டி.ஓ.வைத் துண்டித்து, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் கனமான மரக்கட்டை முட்டுக் கொடுத்து, கருவியின் முழு எடையையும் கட்டை மேல் இறக்கிய பிறகே தொட வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டு ஆகாது, நொறுங்கிவிடும். நல்ல லிஃப்ட் உள்ள டிராக்டருக்கும் இதுவே முறை. லீவரில் குழந்தையின் கை பட்டால் போதும், கருவி கீழே வந்துவிடும். வீட்டில் நிறுத்தும்போது எப்போதும் தரையில் இறக்கிவிட்டே நிறுத்துங்கள்.

ஹோஸில் கசிவு தேடும்போது வெறும் விரலால் தடவாதீர்கள். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தம் அதில் உண்டு. ஊசி போல வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். தோலைத் துளைத்துவிட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒர்க் ஷாப்பில் ‘பம்ப்தான்’ என்று மறுபடியும் சொன்னால், பிரஷர் கேஜ் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மாடலின் கையேட்டில் போட்டிருக்கும் அழுத்தத்தை எட்டவில்லை என்றால், ரிலீஃப் வால்வையும் வடிகட்டியையும் சோதித்த பிறகு பம்பைப் பற்றிப் பேசலாம். எட்டினால் சிலிண்டரைத் திறக்கச் சொல்லுங்கள்.