கோமாளிக்கு மட்டும் வாய் இருந்த அவை

சீனத்தின் சூ நாட்டை கி.மு. 613 முதல் 591 வரை ஆண்ட மன்னன் சுவாங்கின் செல்லக் குதிரை, தின்று கொழுத்துச் செத்துப்போனது. உயர் அதிகாரிக்குரிய மரியாதையோடு இரட்டைச் சவப்பெட்டியில் அதை அடக்கம் செய்ய அவன் ஆணையிட்டான். எதிர்ப்பவர்களுக்கு மரணம் என்றும் அறிவித்தான். அமைச்சர்கள் வாயடைத்துப்போனார்கள்.

அவைக் கோமாளி யூ மெங் ஓவென்று அழுதபடி உள்ளே நுழைந்தான். அதிகாரிக்குரிய மரியாதை போதாது, அரசனுக்குரிய மரியாதையே வேண்டும் என்றான். அப்போதுதானே மனிதரைவிடக் குதிரையே மன்னருக்குப் பெரிது என்று அண்டை நாடுகளுக்கெல்லாம் தெரியும்! சுவாங் தலைகுனிந்தான். குதிரை சமையற்கட்டுக்குப் போனது.

சின் பேரரசில் யூ ஜான் என்ற குள்ள உருவக் கோமாளி இருந்தான். முதல் பேரரசர் வேட்டைக் காட்டை விரிவாக்க நினைத்தபோது, பகைவர் வந்தால் மான்களை விட்டு முட்டச் செய்யலாம் என்று பாராட்டினான். மகன் இரண்டாம் பேரரசர் நகர மதிலுக்கு அரக்குப் பூச விரும்பியபோது, எதிரிகள் வழுக்கி விழுவார்கள், ஆனால் அரக்கு உலர அவ்வளவு பெரிய கொட்டகைக்கு எங்கே போவது என்று கேட்டான். இரண்டு திட்டங்களும் நின்றன.

இவற்றைப் பதிவுசெய்தவர் வரலாற்றாசிரியர் சிமா சியான். தோற்றுச் சரணடைந்த தளபதி லீ லிங்குக்காக, ஹான் பேரரசர் வூவிடம் நேருக்கு நேர் பரிந்து பேசியதற்காக ஆண்மை நீக்கப்பட்டவர். தமது ‘ஷிஜி’ நூலில் கோமாளிகளுக்கென்றே அவர் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்.

இக்கதைகளை அரசர்களின் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்வது தவறு. படையோ பதவியோ இல்லாத ஒருவனை மட்டும் பேசவிடுவது பெருந்தன்மையாகாது. சிரித்துத் திட்டத்தைக் கைவிட்ட அதே இரண்டாம் பேரரசரின் அவைக்கு கி.மு. 207இல் அமைச்சர் சாவ் காவ் ஒரு மானைக் கொண்டுவந்து, குதிரை என்றான். பலர் ஆமாம் போட்டார்கள். மான் என்றவர்களை அவன் பின்னர் பழிவாங்கினான். அதே ஆண்டில் பேரரசர் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார். சின் ஆட்சியும் விரைவில் சரிந்தது. கோமாளியின் சாமர்த்தியம் ஒரு மதிலின் செலவை மிச்சப்படுத்தியது. அஞ்சி அடங்கிய அவையை அதனால் திருத்த முடியவில்லை.

நம் அரசமைப்பின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையைக் குடிமக்கள் எல்லோருக்கும் தந்திருக்கிறது. மேடையில் கேலி பேசும் கலைஞர் மீது வழக்குத் தொடுப்பது அந்த உரிமையைச் சிதைக்கிறது. கோப்பில் மறுப்பு எழுதும் அதிகாரியை இடமாற்றம் செய்வதும் அதே அளவு ஆபத்தானது. இருவருக்கும் பாதுகாப்பு தருமாறு அரசுகளை வற்புறுத்துவது நம் கடமை.