விதி எழுதும்போதே வெற்றியாளர் முடிவாகிவிடக் கூடாது!



விவிஐபி ஹெலிகாப்டர் விவகாரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? இத்தாலி, லஞ்சம், டிவி விவாதம். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதற்கும் முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு. போட்டிக்கு வந்த ஹெலிகாப்டர்களை நியாயமாக எடை போட்டார்களா?

குடியரசுத் தலைவர், பிரதமர் போன்றோரை ஏற்றிச் சென்ற பழைய எம்ஐ-8 ஹெலிகாப்டர்களை மாற்ற வேண்டியிருந்தது. தேவை உண்மையானது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 2002-ல் விலைப்புள்ளி கேட்டபோது வைத்த நிபந்தனை, 6,000 மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும் என்பது. சோதனையில் தேறியது பிரான்ஸின் இசி-225 மட்டும்தான்.

ஒரே ஆள் மிஞ்சினால் போட்டியே இல்லையே என்று 2003-ல் பிரதமர் அலுவலகத்தில் பேசினார்கள். அதன் பிறகு உயரம் 4,500 மீட்டராகக் குறைந்தது. கூடவே, உள்ளே 1.8 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்ற புது நிபந்தனையும் சேர்ந்தது. விளைவு? முதல் சுற்றில் தேறிய இசி-225 வெளியே போனது. முதல் சுற்றில் உயரத்தை எட்ட முடியாத அகஸ்டா வெஸ்ட்லேண்டின் ஏடபிள்யூ-101 உள்ளே வந்தது. கடைசியில் மறுபடியும் மிஞ்சியது ஒன்றே ஒன்று!

செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்டலாமா?

ஒன்றுதான் மிஞ்சியது என்பதே குற்றம் இல்லை. வேலை அப்படிப்பட்டதாக இருந்தால் ஒன்றுதான் தேறும். ஆனால் ஒவ்வொரு நிபந்தனையும் அந்த வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும். எந்த மலையில் இறங்கணும், எத்தனை பேரை ஏற்றணும், ஆபத்து வந்தால் எப்படித் தப்பிக்கணும் என்பதிலிருந்து வரணும். எந்தக் கம்பெனியிடம் என்ன இருக்கு என்பதிலிருந்து வரக் கூடாது.

அடுத்து சோதனை. 2008-ல் ஏடபிள்யூ-101-ஐ பிரிட்டனிலும், போட்டியாளரான சிகோர்ஸ்கியின் எஸ்-92-ஐ அமெரிக்காவிலும் பார்த்தார்கள். நம்ம வெயிலிலும் நம்ம மலையிலும் பறக்க வேண்டிய இயந்திரத்துக்கு அங்கே பரீட்சை! அதிலும் ஏடபிள்யூ-101-க்கு நாம் வாங்கப்போகும் வடிவம் அப்போது தயாராகவே இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு ஹெலிகாப்டரையும், பயணிகள் அறையின் மாதிரியையும் வைத்து மதிப்பிட்டார்கள். இதையெல்லாம் எழுதியது எதிர்க்கட்சி இல்லைங்க. 2013-ல் வந்த சிஏஜி அறிக்கை.

2010 பிப்ரவரியில் 12 ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். மதிப்பு 3,700 கோடி ரூபாய்க்கு மேல். வந்து சேர்ந்தது மூன்று. 2014 ஜனவரி 1 அன்று ஒப்பந்தம் ரத்து. விதியை மாற்றும் பேச்சு தொடங்கியது ஒரு ஆட்சியில், கையெழுத்து விழுந்தது இன்னொரு ஆட்சியில். அதனால் இது ஒரு கட்சியைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்ளும் விஷயம் இல்லை. முறையே கோளாறு.

வேறு எங்கும் தப்பு நடக்காதா? நடக்கும். எதிரி மண்ணில் சிக்கிய வீரர்களை மீட்க, 2006-ல் அமெரிக்க விமானப்படை போயிங்கின் எச்எச்-47-ஐத் தேர்ந்தெடுத்தது. தோற்றவை எவை தெரியுமா? நம்ம நாட்டில் மோதிய அதே எஸ்-92, ஏடபிள்யூ-101 குடும்பத்து ஹெலிகாப்டர்கள். தோற்றவர்கள் அரசுத் தணிக்கை அலுவலகத்தில் முறையிட்டார்கள். பராமரிப்புச் செலவைக் கணக்கிட்ட விதம், டெண்டரில் சொன்ன விதத்தோடு ஒத்துப்போகவில்லை என்று 2007 பிப்ரவரியில் அந்த அலுவலகம் முறையீட்டை ஏற்றது. அங்கே இத்தகைய முறையீட்டுக்கு 100 நாளில் பதில் சொல்லியாகணும். அந்தத் திட்டமும் 2009-ல் கைவிடப்பட்டது, அது வேற விஷயம். ஆனால் தவறு சில மாதங்களில் வெளியே வந்தது. இங்கே சிஏஜி அறிக்கை வந்தபோது ஒப்பந்தம் போட்டு மூன்று வருஷம் ஓடிப்போச்சு!

நாம் கேட்பது நான்கே நான்கு:

1. ஒவ்வொரு கட்டாய நிபந்தனைக்கும் காரணம் எழுத்தில் இருக்கட்டும். மாற்றினால், யார் மாற்றினார், ஏன் என்பதும் பதிவாகட்டும்.

2. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது விலைப்புள்ளி திறக்கும் முன்பே எல்லோருக்கும் தெரியட்டும்.

3. வாங்கப்போகும் அதே ரகத்தை, அது பறக்கப்போகும் இடத்தில், ஓட்டப்போகும் விமானிகளை வைத்துச் சோதிக்கட்டும்.

4. தோற்றவர் முறையிட, காலக்கெடுவுடன் கூடிய சுதந்திரமான அமைப்பு வரட்டும்.

இது கம்பெனிகளுக்கான சலுகை இல்லை. நியாயமாகத் தோற்கடிக்கப்பட்டவன் வாயடைத்துப் போவான். நியாயமாக வென்ற ஹெலிகாப்டரை யாரும் நடுவழியில் நிறுத்த முடியாது. அதில் ஏறும் விமானிக்கும் நம்பிக்கை இருக்கும், வரி கட்டும் உங்களுக்கும் கணக்கு இருக்கும்.

அடுத்த முறை பெரிய கொள்முதல் செய்தி வந்தால், "எவ்வளவு கோடி?" என்று மட்டும் கேட்காதீங்க. "விதியை யார் எழுதினாங்க, எப்போ மாத்தினாங்க?" என்றும் கேளுங்க.

படித்தால் போதாது, பகிருங்கள்!