துங்கபத்திரைக் கரையின் சரளைப் பாதைகள்

ஹம்பிக்குச் செல்பவர்களில் பலர் விருபாட்சர் கோயிலையும் கல்ரதத்தையும் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுகிறார்கள். 1565 போருக்குப் பின் அழிந்த அந்தத் தலைநகரின் பரப்பு அவ்வளவுதானா? ஆற்றின் வடகரையில் விஜயநகரத்துக்கும் மூத்த ஆனேகுந்தி இருக்கிறது. அங்கிருந்து சனாபூர் ஏரிப் பக்கம் பாறைக் குன்றுகளுக்கும் நெல்வயல்களுக்கும் இடையே சரளைப் பாதைகள் செல்கின்றன. தென்கரையில் விஜயநகர மன்னர் காலத்து வாய்க்கால்கள் இன்றும் வாழைத் தோட்டங்களுக்கு நீர் தருகின்றன; அவற்றின் கரைகளும் வண்டிப்பாதைகளே. பல இடங்களில் கார் நுழையாது. நடந்தே சுற்ற ஒரு நாள் போதாது. சைக்கிளுக்கென்றே அமைந்த வழிகள் இவை.

பெங்களூரில் இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹொஸபேட்டை. வாரம் முழுவதும் மேசை முன் குனிந்திருக்கும் குமாஸ்தாவுக்கும் எட்டக்கூடிய பயணம்தான். ஆனால் பாதை பிரியும் இடங்களில் வழிகாட்டிப் பலகை வேண்டாமா?

எல்லாவற்றுக்கும் தார் போடுவதே முன்னேற்றம் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. ஆற்றின் குறுக்கே எழுந்த பாலத்தை முன்னிட்டு 1999-இல் யுனெஸ்கோ ஹம்பியை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது, 2006-இல்தான் நீக்கியது. அந்தப் பாலமோ 2009-இல் இடிந்து விழுந்து உயிர்களைப் பலி கொண்டது. கரும்பும் வாழையும் சந்தைக்குப் போக, நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக, ஊர்ச் சாலைகளுக்குத் தார் அவசியம். அதை மறுப்பவர் யாருமில்லை. வாய்க்கால் கரைகளை மட்டும் விட்டுவைக்கலாம்.

தென்கரை விஜயநகர மாவட்டம், வடகரை கொப்பள மாவட்டம். இரண்டுக்கும் பொதுவாகப் பாரம்பரியப் பகுதி ஆணையம் இருக்கிறது. மழை அரித்த இடங்களில் சரளை கொட்டிச் சமன் செய்யவும், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பலகைகள் நடவும் அது முன்வர வேண்டும். மழை ஓய்ந்து நவம்பர் பிறப்பதற்குள் செய்தால் இந்தப் பருவத்துக்கே பயன்படும்.